ஸ்கேனர் கேபிளை பானெட் வரை நீட்டியது

காரின் கோளாறைப் படிக்கும் கையடக்க ஸ்கேனரோடு வரும் கேபிள் ஒன்றரை மீட்டர்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில், அதாவது கோளாறு பார்க்கும் கருவிக்கான 16 பின் சாக்கெட்டில், செருகிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது தாராளம். ஆனால் கோளாறு இருப்பது பானெட்டுக்குள். சென்சார் கப்ளரை ஆட்டினால் திரையில் ரீடிங் துள்ளுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் உள்ளே, ஒரு ஆள் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. "அண்ணே, இப்ப 0.4... இப்ப 0.9... திரும்ப 0.4" என்று பையன் உள்ளேயிருந்து கத்துவதற்குள் நான் வேறு ஒயருக்குப் போயிருப்பேன். விட்டு விட்டு வரும் கோளாறை இப்படிப் பிடிக்க முடியாது. ஆட்டுகிற கையும் பார்க்கிற கண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும்.

ப்ளூடூத் டாங்கிள் போட்டு போனில் பார்க்கலாமே என்பார்கள். எஞ்சின் லைவ் டேட்டாவுக்கு அது போதும். ஏபிஎஸ் பிளீடிங், டிபிஎஃப் ரீஜெனரேஷன், இன்ஜெக்டர் கோடிங் என்று ஸ்கேனர் வண்டிக்குக் கட்டளை கொடுக்கும் வேலைகள் வரும்போது என்னிடம் இருக்கும் ஒயர் ஸ்கேனர்தான் கை கொடுக்கிறது. நல்ல ஸ்கேனர், கேபிள் மட்டும் குட்டை.

ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் கிடைக்காமல் இல்லை. பட்டறையிலேயே ஒன்று கிடந்தது. மூன்று மீட்டர், பார்க்க கனமான கறுப்பு உருண்டைக் கேபிள். சாவியை ஆன் செய்தால் ஸ்கேனர் எரியும், கோடும் படிக்கும். செல்ஃப் அடித்ததும் திரை அணைந்து, லோகோவில் இருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பார்க்க வேண்டியதே செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் (எரிபொருள் அழுத்தம்) எவ்வளவு ஏறுகிறது, கிராங்க் சென்சார் ஆர்பிஎம் காட்டுகிறதா என்பதுதான். அந்த நேரத்தில் அணைந்து போகிற கேபிள் எதற்கு?

அதற்கு என்ன கோளாறு என்று பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாக்கெட்டில் செருகி, மறுமுனையில் பேட்டரி வரும் 16ஆம் பின்னுக்கும் எர்த்தான 4ஆம் பின்னுக்கும் நடுவே 12 வோல்ட் 10 வாட் பல்ப் ஒன்றைப் பிடித்தேன். பெரிய திரை உள்ள ஸ்கேனர் இழுக்கும் அளவுக்கு, அதாவது முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே, அந்த பல்பும் இழுக்கும். பேட்டரியில் 12.5 வோல்ட், பல்பில் 11.4. ஒரு வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே போய்விடுகிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட் பக்கம் இறங்கும், கொஞ்சம் வயசான பேட்டரி என்றால் இன்னும் கீழே போகும். பல ஸ்கேனர்களின் கையேட்டில் 9 முதல் 18 வோல்ட் வரை வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். பத்தில் ஒன்று போனால் மிச்சம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேபிளை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். கனமெல்லாம் ரப்பர் உறைதான். உள்ளே 28 கேஜ் ஒயர், ஒவ்வொன்றிலும் முடி மாதிரி ஏழு இழை. 28 கேஜ் செம்பு மீட்டருக்கு 0.21 ஓம் வரும். மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பினால் 1.28 ஓம், அந்த ஒரு வோல்ட்டுக்கு இதுவே கணக்கு. அப்புறம் இன்னொன்று: பதினாறு பின்னுக்கு உள்ளே ஒன்பது ஒயர்தான் இருந்தது. 2, 4, 5, 6, 7, 10, 14, 15, 16. ஓபிடி சட்டப்படி தேவையானவை மட்டும். தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் 1, 3, 8, 9, 11, 12, 13 ஆகிய ஏழுக்கும் ஒயரே இல்லை. எஞ்சின் கோடு படிக்கும் வரை இது யாருக்கும் தெரியாது. சில ஃபோர்டு வண்டிகளில் கதவு, விளக்கு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் பாடி மாட்யூல்கள் 3, 11 பின்களில் தனி கேன் லைனில் (மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயரில்) இருக்கும். அங்கே இந்தக் கேபிளைப் போட்டால் "கம்யூனிகேஷன் எரர்" வரும், பழி பாவம் மாட்யூலின் மேல் விழும்.

மூன்றாவது குறை, எந்த ஒயரும் எதோடும் முறுக்கப்படவில்லை. 6 கேன் ஹை, 14 கேன் லோ. இரண்டும் சும்மா 2.5 வோல்ட்டில் நிற்கும், டேட்டா போகும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்கிற பக்கம் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இரண்டையும் முறுக்கி வைத்தால் வெளியில் இருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும், வித்தியாசம் மாறாது. உருண்டைக் கேபிளில் ஒன்று இந்த ஓரம், மற்றது அந்த ஓரம் என்று கிடந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும்போது அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நான் கொண்டுபோகப் போவதோ இக்னிஷன் காயில் பக்கத்தில். பெட்ரோல் வண்டியில் காயில் பிரைமரி ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் சில நூறு வோல்ட் துள்ளும். அதை கேன் லைனில் ஏற்றிவிட்டால், ஸ்கேனர் தடுமாறுவதோடு நிற்காது. வண்டியின் மாட்யூல்களே ஒன்றோடொன்று பேச முடியாமல் "யூ" வரிசைக் கோடுகளைப் பதிந்து வைக்கலாம். கோளாறு பார்க்கப் போன கேபிளே கோளாறைக் கொடுப்பதாக ஆகிவிடும்.

ஆகவே பதினாறு ஒயரும், பவருக்கு தடித்த ஒயர், டேட்டாவுக்கு முறுக்கிய ஜோடி என்று முடிவு செய்தேன். நீளம் மூன்று மீட்டர். இதற்கு ஒரு காரணம் உண்டு. கேன் வழி ஓபிடிக்கான ஐஎஸ்ஓ 15765-4 தரம், காரின் சாக்கெட்டில் இருந்து கருவி வரை கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கச் சொல்கிறது. ஸ்கேனரின் சொந்தக் கேபிளும் அந்தக் கணக்கில் சேரும். ஒன்றரையும் மூன்றும் நாலரை. பின் சக்கரம் வரை போக வேண்டும் என்று ஆறு மீட்டர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பல வண்டியில் ஓடவும் ஓடுகிறது. எந்த வண்டியில் ஓடாது என்பது முன்கூட்டியே தெரியாதே, அதனால் எனக்கு வேண்டாம்.

பொருள் வாங்கியது சென்னையில். காரில் செருகும் ஆண் கனெக்டரும் ஒயரும் ரிச்சி தெருவில். ஸ்கேனர் வந்து செருகும் பெண் கனெக்டரையும் அங்கேயே வாங்கலாம், ஆனால் விலை குறைந்தவற்றின் உள்ளே இருக்கும் தகடு நாலு தடவை செருகி எடுத்தால் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. அதனால் புதுப்பேட்டைக்கு நடந்தேன். பிரித்துப் போட்ட கார்களின் ஹார்னஸில் (ஒயர் கட்டில்) ஓபிடி சாக்கெட் ஒயரோடு தொங்கும். கம்பெனி டெர்மினல், கிரிம்ப் செய்தது, பிடி நன்றாக இருக்கும். ஒரு சிக்கல்: அந்த மாடலுக்குத் தேவையான பின்களை மட்டும்தான் கம்பெனிக்காரன் நிரப்பியிருப்பான், மற்ற ஓட்டைகள் காலியாக இருக்கும். ஒரே வார்ப்பில் வந்த சாக்கெட்டுகளாகப் பார்த்துச் சிலவற்றை வாங்கி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பூட்டை நெம்பி டெர்மினல்களை உருவி ஒன்றில் நிரப்ப வேண்டும். மிஞ்சியதில் ஒன்றைத் தூக்கிப் போடாதீர்கள், சால்டரிங்கின்போது தேவைப்படும்.

டேட்டா ஜோடிகளுக்கு நெட்வொர்க் பேட்ச் கேபிள், கேட்-5இ. சுவருக்குள் இழுக்கும் ரகத்தில் ஒற்றைக் கம்பி இருக்கும், வளைத்து வளைத்துப் பயன்படுத்தினால் உடைந்துவிடும். இழைகள் உள்ள பேட்ச் கேபிள்தான் இதற்குச் சரி. அதன் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) 100 ஓம், கேன் கேட்பது 120. மூன்று மீட்டருக்கும் 500 கிலோபிட் வேகத்துக்கும் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. "சார், ஃபுல் காப்பர்" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. துண்டு ஒன்றை வாங்கி பிளேடால் இழையைச் சுரண்டினால், செம்பு பூசிய அலுமினியம் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதில் சால்டரும் சரியாக ஒட்டாது, ரெசிஸ்டன்ஸும் செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரும்.

16, 4, 5 மூன்றுக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயர். 0.75 போட ஆசைதான், கனெக்டர் மூடியின் வாயில் எல்லாம் சேர்ந்து நுழையாது. 0.5இல் மீட்டருக்கு 0.039 ஓம், போய்வர 0.23. பழைய கேபிளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, போதும்.

ஜோடிகளை எப்படிப் பிரித்தேன் என்றால்: 6க்கு 14 ஜோடி. 3க்கு 11, 12க்கு 13, 1க்கு 9 என்று மூன்று ஜோடி. புதிய உயர்ரகக் கார்கள் சிலவற்றில் ஈதர்நெட் வழியாகக் கண்டறியும் டிஓஐபி முறை இருக்கிறது. அதில் 3-11 அல்லது 1-9 ஒரு திசைக்கும், 12-13 மறு திசைக்கும் போகும். 100 மெகாபிட் வேகம் என்பதால் அங்கே முறுக்கு இல்லாமல் நடக்காது. அதை எழுப்பி விடும் 8ஆம் பின்னுக்கு வெறும் ஒற்றை ஒயர் போதும். கே-லைன் (கேனுக்கு முந்தைய டேட்டா லைன்) 7, அதன் கூட்டாளி 15 இரண்டும் ஒரு ஜோடி. கே-லைன் 10.4 கிலோபிட் வேகத்தில் நிதானமாகப் போகிறது, அதற்கு எந்த ஒயரும் சரிதான். 2க்கு 10 ஜோடி. அமெரிக்காவில் 2008இல் கேன் கட்டாயம் ஆவதற்கு முந்தைய வண்டிகளில் இருந்த ஜே1850 என்ற டேட்டா லைன் அது, நம் பட்டறைக்கு வராது. ஓட்டை இருக்கிறதே என்று போட்டு வைத்தேன்.

சால்டரிங்குக்கு முன், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறும் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு கனெக்டரையும் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பின்புறமாகத் திருப்பி மேசையில் வைத்தால், ஆண் கனெக்டரில் மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை போகும். பெண் கனெக்டரில் அதே வரிசை வலமிருந்து இடமாக ஓடும். எண்ணைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து ஒட்டினால் 16க்குப் போக வேண்டிய பேட்டரி 9இல் வந்து நிற்கும், 6 போய் 3 ஆகும், 14 போய் 11 ஆகும். இதில் வேடிக்கை, 4உம் 5உம் ஒன்றுக்கொன்று இடம் மாறும், இரண்டுமே எர்த். அதனால் எர்த்தை மட்டும் மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு ஓட்டைப் பக்கத்திலும் பொடி எழுத்தில் எண் வார்த்திருப்பார்கள். போனின் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் படிக்கலாம். ஒயர் நிறத்தையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டுதான் இரும்பைச் சூடாக்கினேன்.

ஆண் கனெக்டரை வெறுமனே பிடித்துக்கொண்டு ஒட்டினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி பின் சாய்ந்துவிடும், அப்புறம் எந்தக் காரிலும் நேராகச் செருகாது. மிஞ்சிய பழைய சாக்கெட் இதற்குத்தான். அதில் செருகி வைத்து ஒட்டினால் பின்கள் நேராக நிற்கும், சூட்டின் ஒரு பகுதியையும் அது வாங்கிக்கொள்ளும். பின்களுக்கு நடுவே 4 மில்லிமீட்டர்தான் இடைவெளி, ஒவ்வொரு ஒயரிலும் ஹீட் ஷ்ரிங்க்கை முதலிலேயே கோத்துவிட வேண்டும். நடு பின்களில் ஆரம்பித்து ஓரத்துக்கு வந்தால் இரும்புக்கு வழி கிடைக்கும். முனையில் ஜோடிகளின் முறுக்கை ஒரு அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை.

பெண் முனையில் வேலை வேறு மாதிரி. டெர்மினலோடு வந்த ஒயரை சின்ன வால் அளவுக்கு விட்டு வெட்டி, புது ஒயரோடு சேர்த்து ஒட்டினேன். பதினாறு இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் மலைப்பாம்பு விழுங்கிய இரை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று தள்ளித் தள்ளி வைத்தால் கேபிள் மெலிதாகவே இருக்கும். சாக்கெட்டின் ஸ்க்ரூ காதுகளை அறுத்து அரத்தால் தேய்த்துவிட்டு, உள்ளே பசை உள்ள பெரிய ஹீட் ஷ்ரிங்க்கால் மூடினேன். ஹாட் க்ளூவை இங்கே நான் நம்புவதில்லை. எஞ்சின் மேல் வைத்தால் அது இளகிவிடும். இழுப்பு தாங்குவதற்கு ஆண் கனெக்டரின் மூடிக்குள் ஒரு கேபிள் டை. சால்டர் ஊறிய இடத்தில் இழைகள் விறைத்துப் போகும், வளைவு அங்கே விழுந்தால் ஒடியும். டை அதைத் தடுக்கும்.

ஆண் முனையில் இருந்து ஒரு சாண் தள்ளி 16ஆம் ஒயரில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கோத்தேன். காரிலேயே ஃபியூஸ் இருக்கும், ஆனால் பல வண்டியில் அது சிகரெட் லைட்டருக்கோ ரூம் லைட்டுக்கோ ஹாரனுக்கோ போகும் அதே ஃபியூஸ். பானெட் விளிம்பில் கேபிள் நசுங்கி ஷார்ட் ஆனால், கஸ்டமர் வண்டியில் ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டி வரும். என் ஃபியூஸ் முதலில் போகட்டும்.

மேலே ஆரஞ்சு நிறப் பின்னல் ஸ்லீவ். அழகுக்காக இல்லை. கறுப்புக் கேபிள் எஞ்சின் அறைக்குள் கண்ணுக்குத் தெரியாது, ரேடியேட்டர் ஃபேன் சூடேறினால் சொல்லாமல் கொள்ளாமல் ஓட ஆரம்பிக்கும்.

காரில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து 1க்கு 1 முதல் 16க்கு 16 வரை பார்த்தேன். அதைவிட முக்கியம், ஒவ்வொரு பின்னையும் மற்ற பதினைந்தோடும் தொட்டுப் பார்ப்பது. சத்தம் வரக்கூடாது. அலுப்பான வேலைதான், ஆனால் 16இல் இருக்கும் 12 வோல்ட் பக்கத்து 15இல் ஏறினால் ஸ்கேனரின் செலவு உங்களுடையது. இதைச் செய்யும்போது கேபிளை வளைத்து ஆட்டிக்கொண்டே செய்ய வேண்டும்.

அப்புறம் பல்ப் டெஸ்ட். பேட்டரியில் அதே 12.5, முனையில் 12.2. ஃபியூஸ் ஹோல்டரும் கனெக்டரும் கொஞ்சம் தின்கின்றன, பரவாயில்லை. செல்ஃப் அடித்தபோது ஸ்கேனர் அசையவில்லை, ஆர்பிஎம் 200ஐத் தாண்டுவதை பானெட் முன்னால் நின்றே பார்த்தேன்.

கேன் லைனைப் பார்க்க, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் நடுவே ஓம் அளந்தேன். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 காட்ட வேண்டும். கேபிளின் முனையில் அளந்தால் அரை ஓம் கூடுதல், அது ஒயரின் பங்கு. சாக்கெட்டுக்கும் லைனுக்கும் நடுவில் கேட்வே என்ற இடைப் பெட்டி வைத்த வண்டிகளில் இந்த எண் வேறாக இருக்கலாம், அப்போது சாக்கெட்டில் நேரே அளந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். நீட்டிய கேபிளின் கடைசியில் இன்னொரு 120 ஓம் போட வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. போடக்கூடாது. மூன்று 120 சேர்ந்தால் 40 ஆகி, லைனின் மேல் சுமை ஏறும். நாம் செருகுவது ஒரு கிளைதான், லைனின் முனை இல்லை.

பயன்படுத்தும்போது கேபிளைக் கதவிடுக்கில் விட்டுக் கதவைச் சாத்தாமல், கண்ணாடியை இறக்கி ஜன்னல் வழியாக மிரர் பக்கம் கொண்டுபோகிறேன். சாக்கெட்டில் எடை தொங்காமல் இருக்க ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வெல்க்ரோ பட்டை. இந்தக் கேபிளோடு வண்டியை ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை, கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே மூன்று மீட்டர் ஒயர் கிடப்பது நல்லதில்லை. ரோடு டெஸ்ட்டுக்கு ஸ்கேனரின் சொந்தக் கேபிள். இசியூ (எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி) புரோகிராமிங்குக்கும் அதுதான், நேரே செருகி, பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் கொடுத்து. ரீடிங் எடுக்கும்போது லைன் அறுந்தால் மறுபடி எடுக்கலாம், எழுதும்போது அறுந்தால் இசியூ போய்விடும்.

ஸ்கேனர் பக்கம் இருக்கும் 15 பின் முனையை நீட்டலாமே, அதற்குப் பழைய ஜாய்ஸ்டிக் கேபிள் கிடைக்கிறதே என்று பக்கத்துப் பட்டறை நண்பர் கேட்டார். இரண்டு வரிசை 15 பின் என்பதால் செருகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. காரின் பக்கம் ஜே1962 என்று ஒரே தரம், எந்த ஸ்கேனர் வாங்கினாலும் கேபிள் பொருந்தும். மானிட்டருக்குப் போடும் விஜிஏ கேபிளிலும் 15 பின் உண்டு, அது மூன்று வரிசை, இங்கே செருகவே செருகாது.

லாரிக்கு இந்தக் கேபிளைக் கேட்காதீர்கள் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். 24 வோல்ட் வண்டியின் 16 பின் சாக்கெட் பி வகை, நடுப் பள்ளத்தில் ஒரு தடுப்பு இருக்கும். 12 வோல்ட்டுக்கான ஏ வகை ஆண் கனெக்டர் அதில் நுழையாமல் அந்தத் தடுப்பு காக்கிறது. பி வகை ஆண் கனெக்டரோ இரண்டிலும் நுழையும். அதை வாங்கி ஒரு முனையிலும், ஏ வகை சாக்கெட்டை மறு முனையிலும் போட்டுக் கேபிள் செய்தால், 12 வோல்ட் ஸ்கேனருக்கு 24 வோல்ட்டைக் கொண்டுபோகும் வழியை நாமே போட்டுக் கொடுத்த மாதிரி. ரிச்சி தெருவில் இரண்டு ஆண் கனெக்டரும் ஒரே டப்பாவில்தான் கிடக்கின்றன. நடுப் பகுதியைப் பார்த்து எடுங்கள்.